இயற்றியவர்: தெரியாது

சென்ற வருடம் பாடசாலையில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் தாலாட்டு ஒன்று பாடினேன். எங்கள் உம்மம்மா பாடுகிற தாலாட்டு அது. சிறு வயதில் அவருடைய மடியில் கிடந்து கேட்டுப் பழகியது. நிகழ்ச்சிக்கு முதல் ஒரு படிவம் தந்தார்கள். பாடலின் பெயர், பாடுபவர், இயற்றியவர் என்று மூன்று கோடுகள் இருந்தன. முதல் இரண்டையும் நிரப்பினேன். மூன்றாவதில் கொஞ்சமும் யோசிக்காமல் "தெரியாது" என்று எழுதிக் கொடுத்தேன். நிகழ்ச்சி நிரலில் "நாட்டார் பாடல்" என்று அச்சாகி வந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை உம்மம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

"தெரியாதெண்டு ஏன் மகள் எழுதினனீ? என்னட்டக் கேட்டிருக்கலாமே."

அவர் கோபப்படவில்லை. ஆனால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையில், கேட்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. பாட்டி பாடுகிற பாட்டுக்கு ஆசிரியர் இருக்க மாட்டார் என்று நானாகவே முடிவு செய்துவிட்டேன். இந்தக் கட்டுரை அந்த முடிவைப் பற்றியது. அது என்னுடைய தவறு மட்டுமல்ல, நம் எல்லாருடைய பழக்கம் என்பதே என் கருத்து. அதற்கு நல்ல உதாரணம், எங்கள் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் கேட்ட ஒரு பாட்டிலேயே இருக்கிறது.

‘என்ஜாய் எஞ்சாமி’ பாடலை அறியாதவர் நம்மில் குறைவு. 2021 மார்ச் மாதம் வெளிவந்தது. யூடியூபில் கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. அதை எழுதிப் பாடியவர் அறிவு. முழுப்பெயர் அறிவரசு கலைநேசன். தமிழ்நாட்டின் அரக்கோணத்தைச் சேர்ந்தவர். இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக் கலைஞர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற குழு 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியபோது அதில் ஒருவராக அறியப்பட்டார். கானாவும் பறையும் ராப் எனப்படும் சொல்லிசையும் ஒரே மேடையில் கலந்த குழு அது. 2019இல் ஆஃப்ரோ என்ற இசைக் கலைஞருடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். சினிமாவில் ஒரு கதாநாயகனுக்காக எழுதப்பட்ட பாடல்கள் அல்ல அவை. தன் சொல்லைத் தன் குரலிலேயே பதிவு செய்த பாடல்கள்.

அதன் பிறகுதான் ‘எஞ்சாமி’ வந்தது. இசை சந்தோஷ் நாராயணன். பாடியவர்கள் தீயும் அறிவும். தீ இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்டவர், அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். வெளியிட்டது ‘மாஜா’ என்ற நிறுவனம். துள்ளலான பாட்டாகத் தோன்றினாலும் அதற்குள் ஒப்பாரி இருக்கிறது. காட்டைத் திருத்தி, நிலத்தை விளைவித்து, கடைசியில் அந்த நிலத்தில் ஒரு பிடியும் தமக்கென்று இல்லாமல் போனவர்களின் துக்கம் இருக்கிறது. அந்தத் துக்கத்தை அறிவு புத்தகத்தில் படித்து எழுதவில்லை. அவருடைய பாட்டி வள்ளியம்மாளிடமிருந்து பெற்றார்.

வள்ளியம்மாளின் கதை நமக்குத் தூரமானதல்ல. அது நம் நாட்டின் கதை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, பின்னர் இந்தியாவுக்குத் திரும்பிப் போனவர்களில் அவரும் ஒருவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும் என்று இரண்டு பிரதமர்கள் எண்ணிப் பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரின் விதி பிறகு பார்ப்போம் என்று விடப்பட்டு, 1974இல் பாதிக்குப் பாதியாகப் பங்கிடப்பட்டது. வரலாற்றுப் பாடத்தில் இந்த எண்களைப் பரீட்சைக்காகப் பாடமாக்குகிறோம். அந்த எண்ணுக்குள் இருந்த ஒரு பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டால், இப்போது ஒரு பெயராவது நமக்குத் தெரியும். அதைச் சொன்னது அரசாங்கப் பதிவேடு அல்ல, அவருடைய பேரனின் பாட்டு.

ஆனால் அந்தப் பாட்டு உலகம் சுற்றப் போனபோது என்ன நடந்தது?

இன்று ஒரு பாட்டை வெளியிடுவதற்கும் படிவம் நிரப்ப வேண்டும். முதன்மைக் கலைஞர் யார், உடன் பாடியவர் யார், எழுதியவர் யார், இசையமைத்தவர் யார் என்று தனித்தனிக் கட்டங்கள். எந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் விழுகிறதோ, அதன்படிதான் கைபேசித் திரையில் பெயர் தெரியும். ‘எஞ்சாமி’யில் தீயின் பெயர் முன்னாலும் அறிவின் பெயர் "உடன்" என்ற இடத்திலும் வந்தன. பாட்டு கைமாறக் கைமாற, பின்னால் இருக்கிற பெயர் உதிரத் தொடங்குகிறது. 2021 ஓகஸ்ட் மாதம் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ சஞ்சிகை தன் அட்டையில் தீயையும், கனடாவில் வாழும் நம் ஊர்ப் பின்னணி கொண்ட ஷான் வின்சென்ட் டி போலையும் போட்டது. அந்த இதழ் கொண்டாடிய ‘எஞ்சாமி’, ‘நீயே ஒளி’ ஆகிய இரண்டு பாடல்களிலும் அறிவின் எழுத்து இருந்தது. அட்டையில் அவர் இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். பலரும் கேட்டார்கள். பின்னர் அந்தச் சஞ்சிகை இணையத்தில் அறிவுக்கென்று ஓர் அட்டையை வெளியிட்டது.

மறுவருடம் ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. அங்கே அந்தப் பாட்டு பாடப்பட்டபோதும் மேடையில் அறிவு இல்லை. அதன் பிறகு அவர் இந்தப் பாட்டில் தன் உழைப்பு எவ்வளவு என்று எழுதினார். சந்தோஷ் நாராயணன் தன் தரப்பை எழுதினார். இது மூவரும் சேர்ந்து உருவாக்கியது, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம், விழா நேரத்தில் அறிவு வெளிநாட்டில் இருந்தார் என்றார். தீயும் தன் விளக்கத்தைச் சொன்னார். 2024இல் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு ரூபாயும் வந்து சேரவில்லை என்று காணொளியில் சொன்னார். நிறுவனம் தன் பக்கத்தை வேறுவிதமாகச் சொன்னது.

இவர்களில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒலிப்பதிவு அறைக்குள் நடந்ததை அங்கே இருந்தவர்களே அறிவார்கள். நான் கவனித்தது வேறொன்று. திறமையும் புகழும் படிப்பும் உள்ள, தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்த, இன்ஸ்டகிராமில் இலட்சக்கணக்கானோர் பின்தொடர்கிற ஒரு கலைஞருக்கே தன் பெயரை அவருடைய பாட்டோடு சேர்த்து வைத்திருக்க இவ்வளவு போராட வேண்டியிருந்தது. அப்படியென்றால் வள்ளியம்மாள்களின் நிலை என்ன? எழுதத் தெரியாத, ஒலிவாங்கியைக் கண்ணாலும் காணாத பெண்களின் நிலை என்ன?

இதற்கு அறிவு தந்த பதில் எனக்குப் பிடித்திருக்கிறது. 2024இல் அவர் வெளியிட்ட தொகுப்பின் பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’. தன் பெயர் விடுபட்டதற்காக வருந்திய மனிதர், அடுத்த தொகுப்பின் தலைப்பில் பாட்டியின் பெயரை வைத்தார். தன்னை அவருடைய பேரன் என்று மட்டும் சொல்லிக்கொண்டார். ‘தெருக்குரல்’ தொடங்கி இது வரை அவருடைய பதிவுகளை வரிசையாகக் கேட்டால், அது ஒரு பாடகரின் வளர்ச்சி மட்டுமல்ல. ஒரு பெயர் பாட்டுக்குள்ளிருந்து மெல்ல மெல்ல அட்டைக்கு வந்து சேர்ந்த பயணம்.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான திகதி 1964 ஒக்டோபர் 30. எங்கள் வீட்டில் ஒக்டோபர் 30 என்றால் வேறு அர்த்தம். 1990ஆம் ஆண்டு அதே திகதியில்தான் யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். இரண்டு மணி நேர அவகாசம். சோனகத் தெருவிலிருந்து உம்மம்மா கைக்குழந்தையான என் சின்ன மாமாவைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பத்து வயதான என் உம்மா அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். போய்ச் சேர்ந்த இடம் புத்தளம். யுத்தம் முடிந்த பிறகு ஊருக்குத் திரும்பி, இப்போது மானிப்பாயில் வாடகை வீட்டில் இருக்கிறோம்.

"என்னட்டக் கேட்டிருக்கலாமே" என்று அவர் சொன்னதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அருகில் உட்கார்ந்து கேட்டேன். அந்தத் தாலாட்டின் முதல் பாதி அவருடைய உம்மா கட்டியது. சும்மா பாடியதல்ல, அவரே சொல் சேர்த்துக் கட்டியது. தெருவில் இன்னாரின் தாலாட்டு என்று மற்றப் பெண்கள் சொல்லிக் கேட்பார்களாம். பின் பாதி புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் சின்ன மாமாவை நித்திரையாக்கும்போது உம்மம்மாவே சேர்த்தது. அதில் எங்கள் பழைய வீட்டுக் கிணறு வருகிறது. அந்த வரிகளைப் பல வருடமாகக் கேட்டிருக்கிறேன். எங்கோ கதையில் வரும் கிணறு என்று நினைத்திருந்தேன். அது எங்கள் கிணறு. இப்போது அந்த வளவில் கிணறும் இல்லை, வீடும் இல்லை. பாட்டில் மட்டும் இருக்கிறது.

"இயற்றியவர்: தெரியாது" என்று நான் எழுதிய பாட்டுக்கு இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். அதில் ஒருவர் பக்கத்து அறையில் தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தார்.

"நாட்டார் பாடல்" என்ற சொல்லை நாம் கவனமில்லாமல் பயன்படுத்துகிறோம் என்று நினைக்கிறேன். ஒரு பாட்டு பலர் வாயில் புழங்கி மாறி வரும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு வரியையும் யாரோ ஒருவர் முதன்முதலில் சொல்லியிருக்கிறார். பெரும்பாலும் அது ஒரு பெண். அடுப்படியிலோ தொட்டிலடியிலோ இருந்தபடி சொல்லியிருப்பார். ஆசிரியர் இல்லாததால் அல்ல, ஆசிரியரை யாரும் கேட்டு வைக்காததால்தான் அது "நாட்டார்" ஆகிறது. கேட்டு வைத்தவற்றிலும் பெயர் நழுவுகிறது. கல்யாண வீடுகளில் ‘சின்ன மாமியே’ போடாத இடம் யாழ்ப்பாணத்தில் உண்டா? அதை ஊர்ப்பாட்டு என்றே என் தோழிகள் பலர் நினைத்திருந்தார்கள். அதை எழுதிப் பாடியவர் நித்தி கனகரத்தினம். மானிப்பாயிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய உரும்பிராயைச் சேர்ந்தவர், அவுஸ்திரேலியாவில் குடியேறியவர். இசைத்தட்டும் வானொலியும் கொண்டு சென்ற பாட்டுக்கே இந்தக் கதி என்றால் தாலாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

முஸ்லிம் பிள்ளைகளாகிய நமக்கு இந்த விடயத்தில் சாட்டுச் சொல்ல இடமில்லை என்பது என் உறுதியான எண்ணம். "யார் சொன்னது? அவர் யாரிடமிருந்து கேட்டார்?" என்று கேட்பதையே ஒரு கல்வியாக வளர்த்த மார்க்கம் நம்முடையது. ஹதீஸுக்கு இஸ்னாத், அதாவது அறிவிப்பாளர் வரிசை, எவ்வளவு முக்கியம் என்று இஸ்லாம் பாடத்தில் படிக்கிறோம். இமாம் புஹாரி அவர்களும் ஏனைய இமாம்களும் ஒரு செய்திக்காக ஊர் ஊராகப் பயணித்து, அறிவித்தவர் ஒவ்வொருவருடைய பெயரையும் நினைவாற்றலையும் நேர்மையையும் ஆராய்ந்தார்கள். தாலாட்டை ஹதீஸின் இடத்தில் நான் வைக்கவில்லை, அஸ்தஃபிருல்லாஹ். அந்த ஒழுக்கத்தைத்தான் சொல்கிறேன். கேட்டதைக் கேட்டவரின் பெயரோடு சொல்வது நேர்மை. அடுத்தவருடைய சொல் நம்மிடம் இருக்கும் அமானிதம்.

பெற்றோர் சிலர் இதற்கு மறுப்புச் சொல்லலாம். பாட்டு, இசை பற்றி நம் வீடுகளில் பல கருத்துகள் உண்டு. அதை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. நான் கேட்பது மேடையை அல்ல. தாலாட்டும் பழமொழியும் ஒப்பாரியும் நம் வீட்டு வரலாறு. அவற்றை வரலாறாகவே காப்போம் என்கிறேன்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. வீட்டுப் பெண்களின் குரலைப் பதிவு செய்து வெளியே விடலாமா? இதை உம்மம்மாவிடமே கேட்டேன். "பதிஞ்சு வை. பேரையும் சொல்லி வை. ஆனா வெளியில விடாத" என்றார். அதனால்தான் இந்தக் கட்டுரையில் அவருடைய பெயரும் பெரிய உம்மம்மாவின் பெயரும் இல்லை. ஒலிப்பதிவுக்குள் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. பதிவு செய்வது வேறு, பரப்புவது வேறு. முதலாவது நம் கடமை. இரண்டாவது பாடியவரின் உரிமை. பெயர் சொல்லாமல் விடுவதும் அவர் விருப்பமாக இருக்க வேண்டும், நம் அலட்சியமாக இருக்கக் கூடாது.

நம் நாட்டுச் சட்டமும் இந்த வேறுபாட்டைக் கவனித்திருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைப்பாளிக்கு இரண்டு வகை உரிமைகளைத் தருகிறது. ஒன்று பொருளாதார உரிமை, அதை விற்கலாம். மற்றது தார்மிக உரிமை. பொருளாதார உரிமையை விற்றுவிட்ட பின்பும், தன் படைப்பின் பிரதிகளில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று கோருவது அதில் அடங்கும். நாட்டார் வழக்காற்றுக்கும் அதே சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. ஆனால் பெயரே தெரியாதவருக்கு எந்தச் சட்டம் வந்து உதவும்? முதலில் பெயர் வேண்டும்.

அதற்குப் பெரிய ஒலிப்பதிவு அறை தேவையில்லை. அமெரிக்காவில் எலிசபெத் கொட்டன் என்ற கறுப்பினப் பெண் சிறுமியாக இருந்தபோதே ‘ஃபிரெயிட் டிரெயின்’ என்ற பாட்டைக் கட்டினார். பிறகு பல வருடம் வீட்டு வேலை செய்து பிழைத்தார். அவர் வேலை செய்த வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பாட்டை அவரிடம் கற்றார்கள். அது இங்கிலாந்து வரை போய், 1957இல் வேறு ஆட்களின் பெயரில் பிரபலமானது. அந்த வீட்டுப் பிள்ளை மைக் சீகர் ஓர் ஒலிநாடாக் கருவியை எடுத்துக்கொண்டு கொட்டனின் வீட்டுக்கே போனார். அவருடைய படுக்கையறையில் வைத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தார். 1958இல் அது அவருடைய பெயரில் இசைத்தட்டாக வந்தது. பாட்டும் அவருக்கே உரியதாயிற்று. 90 வயதைக் கடந்த பிறகு, 1985இல், கிராமி விருதும் கிடைத்தது. ஒரு பிள்ளை கருவியை எடுத்துக்கொண்டு போய் அருகில் உட்கார்ந்ததில் தொடங்கிய காரியம் அது.

அந்தக் கருவியைவிட நல்ல கருவி இன்று நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. தோழியரே, டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைபேசியை உம்மம்மாவுக்கோ வாப்பும்மாவுக்கோ அருகில் வையுங்கள். முதலில் அனுமதி கேளுங்கள். பாட்டுக்கு முன்னால் அவருடைய பெயர், ஊர், யாரிடம் கேட்டார், எந்த வரியை யார் சேர்த்தார், என்று, எங்கே என்பதை அவருடைய வாயாலேயே சொல்ல வையுங்கள். அந்தக் கோப்பை ஒரே கைபேசியில் விட்டுவிடாதீர்கள், உடைந்தால் அதோடு போய்விடும். இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். நிந்தவூர் எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்துப் புத்தகமாக்கினார். அதனால் அந்தச் சொற்கள் நமக்குக் கிடைத்தன. வட மாகாண முஸ்லிம் பெண்களின் பாட்டை நாம்தான் தேட வேண்டும். புத்தகத்தில் வராத இராகத்தையும் நாம் சேர்த்து வைக்கலாம். குடும்பம் விரும்பினால், 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேகரித்துவரும் நூலக நிறுவனம் போன்ற இடங்களில் ஒப்படைக்கலாம்.

பாடசாலைகளுக்கும் ஒரு வேண்டுகோள். போட்டிப் படிவத்தில் "இயற்றியவர்" என்ற கோட்டுக்குக் கீழே "யாரிடம் கற்றீர்கள்?" என்று இன்னொரு கோடு போடுங்கள். ஒரு வரி மையின் செலவுதான். அந்தக் கோடு இருந்திருந்தால் நான் வீட்டுக்குப் போய்க் கேட்டிருப்பேன்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 1990இல் நம்மவர்கள் விட்டுவந்த நகையையும் உறுதியையும் பற்றி எங்களுக்குச் சொல்கிறீர்கள். எடுத்துக்கொண்டு வந்ததைப் பற்றியும் சொல்லுங்கள். சோதனைச் சாவடியில் பறிக்க முடியாமல் வந்த பொருள் பாட்டு ஒன்றுதான். அதை நாங்களே தொலைத்துவிடக் கூடாது.

இந்த வருடமும் ஒரு படிவம் வந்தது. நான் பாடவில்லை, உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது. என் தங்கை பாடுகிறாள், அதே தாலாட்டை. உம்மம்மாவிடம் கேட்டு, அவர் சம்மதித்தபடி, இயற்றியவர் என்ற இடத்தில் அவள் இப்படி எழுதிக் கொடுத்தாள்: "என் உம்மம்மாவும் அவருடைய உம்மாவும்."